கட் சொல்லாத டைரக்டர்

காதுல மாட்டியிருக்கிறதைக் கொஞ்சம் கழட்டுறீங்களா சார். கோவிச்சுக்காதீங்க. பாட்டு உங்க போன்லயேதான் இருக்கும், வீட்டுக்குப் போய்க்கூடக் கேட்டுக்கலாம். இந்தப் படம் அப்படியில்ல. இதை விட்டா வேற எங்கயும் பாக்க முடியாது. முன்னால டிவியில பாருங்க, இப்பத்தான் பேரு போடுறான். பின்சக்கரம். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கேள்விப்படாதவங்கதான் ஜாஸ்தி.

பஸ்காரங்க போட்ட படம்னு நினைச்சீங்களா. நான் கொடுத்தது சார். சேலம் பஸ் ஸ்டாண்டுல ஏறும்போதே கண்டக்டர் கையில பென்டிரைவைக் கொடுத்து, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து, நல்ல ஃபைட் படம்ப்பா, போட்டு விடுன்னு சொன்னேன். பாட்டு இருக்குதான்னு கேட்டான். நிறைய இருக்குதுன்னுட்டேன். பொய்தான். இந்தப் படத்துல ஒரு பாட்டு கிடையாது. ஹீரோயின் கிடையாது. காமெடி கிடையாது. அதெல்லாம் சொன்னா எவன் போடுவான்.

என் பேரு தணிகாசலம். மெட்ராஸ்ல ஸ்டண்ட் யூனியன்ல தணிகான்னு சொன்னா பழைய ஆளுங்களுக்குத் தெரியும். சினிமாவுல ஹீரோ ஒரு குத்து விட்டா பறந்து போய் விழுவாங்களே, அந்தக் கூட்டத்துல ஒரு ஆளு. கண்ணாடியில விழுந்திருக்கேன், கிணத்துல விழுந்திருக்கேன், ஓடுற ஜீப்ல இருந்து விழுந்திருக்கேன். இப்ப பஸ் படியில ஏறினாலே முட்டி விண்ணு விண்ணுங்குது. அது கிடக்கட்டும், படத்தைப் பாருங்க.

லாரி வருது பாருங்க. தூரத்துல புள்ளி மாதிரி வரும், கிட்ட வரும், நம்மளைத் தாண்டிப் போகும், மறுபடி புள்ளியா ஆகும். அது வரைக்கும் கேமரா அசையாது. தியேட்டர்ல இதைப் பாத்துட்டு ரீல் மாட்டிக்கிச்சுன்னு கத்துனாங்க சார். நான் பின்னால திரும்பி, உக்காந்து பாருங்கடான்னு சண்டைக்குப் போயிட்டேன். ஹீரோகிட்ட அடி வாங்கினதை விட அன்னிக்கு ஜனங்ககிட்ட நிறைய வாங்கியிருப்பேன்.

கதை ரொம்ப சிம்பிள். ராசப்பன்னு ஒரு லாரி டிரைவர். காலையில சங்ககிரியில லோடு ஏத்துறான். உள்ள என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. அஞ்சு பேரு துரத்துறாங்க. பொழுது சாயறதுக்குள்ள கதை முடிஞ்சு போகும். லோடுல என்ன இருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டாரு டைரக்டரு. ஏன் சார் சொல்லலன்னு நான் ஒரு நாள் கேட்டேன். உனக்குத் தெரிஞ்சா நீ லாரியைப் பாப்ப, தெரியலைன்னா ராசப்பனைப் பாப்பன்னாரு. எவ்வளவு யோசிச்சிருக்காரு பாருங்க.

இந்தச் சண்டையைப் பாருங்க, இதை விட்டுடாதீங்க. ஹீரோ அடிக்கிறான். அடிச்சிட்டு கையை உதறுறான், பாத்தீங்களா. அவனுக்கு வலிக்குது. எந்தப் படத்துலயாவது அடிச்ச ஹீரோவுக்கு வலிச்சுப் பாத்திருக்கீங்களா. அவன் மூச்சு வாங்கற சத்தம் மட்டும்தான் கேக்கும், பின்னால ஒரு மியூசிக் கிடையாது. நான் எத்தனையோ படத்துல அடி வாங்கியிருக்கேன் சார். அடின்னா அடி மாதிரி இருந்தது இந்த ஒரு படத்துலதான். இதைப் போய் ஒரு வாரத்துல தூக்கிட்டாங்க. தீபாவளிக்குப் பெரிய ஆளுங்க படத்தோட விட்டா என்ன ஆகும். வயிறு எரியுது இன்னிக்கும்.

டைரக்டர் பேரு சூசைமாணிக்கம். தூத்துக்குடிப் பக்கம். வத்தலா, உயரமா இருப்பாரு. யார் கூடவும் சிரிச்சுப் பேச மாட்டாரு. ஆனா வேலைன்னு வந்துட்டா அப்படி ஒரு மனுஷனை நான் பாத்ததில்ல. அவருக்குன்னு ஒரு பழக்கம். ஆக்‌ஷன் சொல்லுவாரு, கட் சொல்ல மாட்டாரு. புரியலையா. ஒரு சீன் எடுக்குறாங்க, வசனம் முடிஞ்சிருச்சு, மத்த டைரக்டருங்க உடனே கட்டுன்னு கத்துவாங்க. இவரு பேசாம நிப்பாரு. ஃபிலிம் ஓடிக்கிட்டே இருக்கும். நடிகனுக்கு என்ன பண்றதுன்னு தெரியாது. முழிப்பான், எச்சில் முழுங்குவான், வேர்வையைத் துடைப்பான். அந்த முழிதான்யா எனக்கு வேணும், நடிப்பு முடிஞ்சப்புறம்தான் மனுஷன் வெளியில வர்றான்னு சொல்லுவாரு. புரொடியூசரு ஃபிலிம் வீணாகுதுன்னு கத்துவாரு. இவரு காதுலயே வாங்க மாட்டாரு.

அவரு செட்டுல ஒரே ஒரு சட்டம்தான். கட்டுன்னு அவரு வாயைத் திறக்கற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. ஒரு தடவை ஓடற சீன்ல ஹீரோ கால்ல ஆணி ஏறிடுச்சு. லைட் புடிச்சுக்கிட்டு இருந்தவரு ஐயோன்னு உள்ள ஓடிட்டாரு. ஷாட் போச்சு. அன்னிக்கு சாயங்காலமே டைரக்டரு அவரை ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுட்டாரு. மறுபடி எடுக்கும்போது ஹீரோ அதே காலோட நொண்டிக்கிட்டே ஓடினான். அது படத்துல இருக்குது, சந்தை சீன்ல வரும். எவ்வளவு நிஜமா இருக்கும் தெரியுமா. அந்த மாதிரி ஒரு ஆளு சார்.

உங்க வயசுக்கு உங்களைத் தம்பின்னு கூப்பிடலாம். எனக்கு வாய் வர மாட்டேங்குது. சார்னே வச்சுக்குவோம்.

அதோ, அந்த நீலச் சட்டை. டீக்கடையில உக்காந்து லாரியையே பாக்குறான் பாருங்க, சுருட்டை முடி. அவன்தான். சிகாமணி. என் கூடப் பொறந்தவன். எனக்கு எட்டு வயசு சின்னவன். துரத்துற அஞ்சு பேருல ஒருத்தன். ஒரு வசனம் கிடையாது அவனுக்கு. ஆனா பாருங்க, அவன் பாக்குற பார்வையிலயே உங்களுக்கு பயம் வரும். வருதா இல்லையா.

அவனை யூனியன்ல சேத்து விட்டது நான்தான். எங்க அப்பாவுக்கு திருத்தணியில பூக்கடை. பூக் கட்டுடான்னா கட்ட மாட்டான், மலைப் படியில மேல இருந்து கீழ ரெண்டு ரெண்டா குதிச்சு வருவான். சரி, நம்ம பொழப்புக்கு வந்தவன்தான்னு கூட்டிட்டு வந்துட்டேன். டூப் போட ஆரம்பிச்சான். டூப்புன்னா தெரியுமில்ல. ஹீரோ மாடியில இருந்து குதிக்கணும்னா ஹீரோ சட்டையைப் போட்டுக்கிட்டு, ஹீரோ மாதிரி விக் வச்சுக்கிட்டு இவன் குதிப்பான். மூஞ்சி தெரிஞ்சா அந்த ஷாட்டைத் தூக்கிப் போட்டுடுவாங்க. அதனால குதிக்கும்போதே மூஞ்சியைத் திருப்பிக்கிறதுக்குத் தனியா பழகணும். சிகாமணி அதுல கில்லாடி. ஆறு வருஷம், அத்தனை படத்துலயும் அவன் முதுகுதான் வந்துச்சு.

கல்யாணம் ஆன புதுசுல பொண்டாட்டியை ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போனான். கஸ்தூரின்னு பேரு, அவினாசிக்காரப் பொண்ணு. படம் பூரா, இது நான், இது நான்னு காட்டியிருக்கான். அவ வெளிய வந்ததும், எல்லாத்துலயும் நீங்க இருக்கீங்க, ஒண்ணுலயும் உங்களைக் காணோமேன்னு சொல்லியிருக்கா. விளையாட்டுக்குத்தான் சொன்னா. இவன் அதை மனசுல வச்சுக்கிட்டான். அண்ணா, ஒரே ஒரு படத்துலயாவது என் மூஞ்சி வரணும்ணா, பொறக்கப் போற புள்ளைக்குக் காட்டணும்ணா, இதையேதான் சொல்லிக்கிட்டு இருப்பான். அதான் சூசைமாணிக்கம் சார்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி இந்த நீலச் சட்டையை வாங்கிக் கொடுத்தேன். அவரு இவனை உத்துப் பாத்தாரு. சரி, இவன் கண்ணு நல்லா இருக்குதுன்னாரு. அன்னிக்கு ராத்திரி இவன் சாப்பிடவே இல்ல சார், சந்தோஷத்துல.

என்ன பெரியவரே சொல்றீங்க. வேற படமா. இருங்கய்யா, இப்பத்தான் சந்தை சீனே வருது. கொஞ்சம் பொறுத்துப் பாருங்க, நல்லா இருக்கும். பாத்தீங்களா சார், எப்பவும் இதே கதைதான். பாட்டு எங்க, பாட்டு எங்கன்னு. நான் இந்த ரூட்டுல மட்டும் எத்தனையோ வாட்டி போட்டுப் பாத்துட்டேன். பாதியிலயே நிறுத்திடுவாங்க. அந்த ஒரு ஷாட் வரைக்கும் பஸ்ல ஒரு நாளும் ஓடினதில்ல. இன்னிக்கு எப்படியாவது ஓடணும். நீங்க வேற பக்கத்துல உக்காந்திருக்கீங்க, படிச்ச பிள்ளை, பாத்தா புரியும்.

எந்த ஷாட்டுன்னா கேக்குறீங்க. சொல்றேன். தெரிஞ்சுக்கிட்டுப் பாத்தா இன்னும் நல்லா இருக்கும்.

சங்ககிரிக்கு அந்தாண்ட ஓடாம கிடந்த ஒரு ரைஸ்மில்லு. ராசப்பன் தப்பிச்சு மில்லு கூரை மேல ஏறுறான், நீலச் சட்டை பின்னாலயே ஏறுறான். மேல சண்டை. நீலச் சட்டை தவறிக் கீழ விழறான். கீழ உமி மலை மாதிரி குவிஞ்சிருக்கும். விழுந்து, உருண்டு, தரையில வந்து கிடக்கான். ராசப்பன் இறங்கி வந்து அவனைப் பாத்துட்டு, ஒண்ணும் பண்ணாம நடந்து போயிடறான். அவன் அங்கயே கிடந்து சாகறான். இதான் சீன்.

மத்தவங்களா இருந்தா இதை நாலு துண்டா எடுப்பாங்க. மேல இருந்து குதிக்கறது டூப்பு, கீழ அட்டைப்பெட்டி அடுக்கி மெத்தை போட்டிருக்கும், அப்புறம் தரையில கிடக்கறதைத் தனியா எடுத்து ஒட்டிடுவாங்க. சூசைமாணிக்கம் சார் முடியாதுன்னுட்டாரு. ஒட்டுனா பொய்யுன்னு தெரிஞ்சுடும், ஒரே ஷாட்டுல விழணும், அதே ஆளு அங்கயே சாகணும்னாரு. சிகாமணி நான் ரெடி சார்னான். அவனுக்கு உயரம் ஒரு விஷயமே இல்ல. அதை விடுங்க, விழறதுல இருந்து சாகற வரைக்கும் மூஞ்சி தெரியுது. எவன் விடுவான்.

உமியைக் குவிச்சது பூரா நான்தான். வேற யாரையும் கை வைக்க விடல. என் பையன் மாதிரி வளத்தேன் சார் அவனை. நல்லா மெத்து மெத்துனு ஆள் உயரத்துக்குக் குவிச்சு, மேல நானே ஏறிக் குதிச்சுப் பாத்தேன். முதல் டேக்ல குதிச்சான், பூ மாதிரி இறங்கினான். எல்லாரும் கை தட்டினோம். டைரக்டரு மட்டும் தட்டல. தணிகா, இங்க வா, இந்த உமியைப் பாத்தா அவனுக்காகவே மெத்தை போட்டு வச்ச மாதிரி இருக்குதேன்னாரு. நான் திரும்பிப் பாத்தேன். ஆமா சார், சத்தியமா அப்படித்தான் இருந்துச்சு. அந்தக் கண்ணு நமக்கு வருமா. பாதியைத் தள்ளிடு, ஓரமா சரிஞ்சு கிடக்கற மாதிரி பண்ணுன்னாரு. நானே கையால இழுத்து இழுத்துச் சரிச்சு விட்டேன். இப்ப வரும்போது பாருங்க, யாரோ எப்பவோ கொட்டி, மழையில நனைஞ்சு, காத்துல சரிஞ்ச மாதிரி அவ்வளவு அழகா இருக்கும். அந்த அழகுக்குக் காரணம் நான்தான்னு சொன்னா யாருக்குத் தெரியும்.

ரெண்டாவது டேக். நான் கேமராவுக்கு இடது பக்கம் நின்னுக்கிட்டு இருந்தேன். மேல இருந்து என்னைப் பாத்தான், நான் தலையை ஆட்டினேன். குதிச்சான். விழுந்து உருண்டான். தரையில மல்லாந்து கிடந்தான். ஹீரோ வந்தான், பாத்தான், நடந்து போயிட்டான். டைரக்டரு கட் சொல்லல. கேமரா ஓடுது. ஒருத்தரும் அசையல. அப்ப சிகாமணி தலையை லேசா இந்தப் பக்கம் திருப்புனான். வாய் அசைஞ்சுது. கையை மெதுவாத் தூக்கி நீட்டினான். தூக்கின கை அப்படியே கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் விழுந்துச்சு. சார், நான் எத்தனை பேரு சாகற மாதிரி நடிச்சுப் பாத்திருக்கேன். நெஞ்சைப் புடிப்பான், கண்ணை உருட்டுவான். இது அப்படியில்ல.  பக்கத்துல இருந்த ஆளைத் தட்டி, பய எப்படி நடிக்கிறான் பாருய்யான்னு காதுல சொன்னேன். அவ்வளவு பெருமையா இருந்துச்சு.

ஃபிலிம் தீர்ந்து கேமரா தானா நின்னப்புறம்தான் போய்ப் பாத்தோம்.

அங்க முன்னாலயே கிடந்த உமிக்கு அடியில நெல்லு ஊற வைக்கிற பழைய தொட்டி இருந்திருக்குது. அதோட விளிம்பு பின்மண்டையில பட்டிருக்குது. விதி சார், வேற என்ன சொல்றது. சேலத்துக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சு போச்சு. கொஞ்சம் முன்னால கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்னு அங்க ஒரு டாக்டரு சொன்னாரு. டாக்டருங்க எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க, அவங்க வாயில வேற என்ன வரும்.

இல்லைங்க. நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. அடிபட்டது நிஜம், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தக் கை தூக்கினது நடிப்பு. எனக்குத் தெரியாதா அவனை. கை எப்படி விழணும்னு முந்தின நாள் லாட்ஜுல கண்ணாடி முன்னால நின்னு பண்ணிப் பாத்தான். இப்படியாண்ணா, இல்ல இப்படியாண்ணான்னு. நான் சாப்பாடு ஆறுது வாடான்னேன். அதைத்தான் பண்ணியிருக்கான். அடிபட்டும் விடாம நடிச்சிருக்கான் பாருங்க. அது எவ்வளவு பெரிய விஷயம்.

படத்துல அதை வைக்கலாமா வேணாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. டைரக்டரு என்னைக் கூப்பிட்டு, நீதான் சொல்லணும் தணிகான்னாரு. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு அவருக்கு. நான் வைங்க சார்னேன். யோசிக்கவே இல்ல. அவன் மூஞ்சி வந்திருக்கிற ஒரே படம், அதுலயும் ஒரே நல்ல ஷாட்டு, அதை வெட்டிக் குப்பையில போட்டா அவன் எதுக்கு செத்தான். கஸ்தூரி வந்தா, கைக்குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு. எடுத்துடச் சொல்லுங்க மாமா, உங்க காலைப் புடிக்கிறேன்னு அழுதா. பாவம், துக்கத்துல என்ன பேசறோம்னு அவளுக்கே தெரியல. நான் சமாதானம் சொல்லி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. படத்தையும் பாக்கல. அவளுக்கு சினிமா ரசனையே கிடையாது சார், அது ஆரம்பத்துல இருந்தே தெரிஞ்சதுதான்.

அவளை விடுங்க. சூசைமாணிக்கம் சாருக்கு என்ன வந்துச்சுன்னுதான் எனக்கு இன்னிக்கும் புரியல. இவ்வளவு நல்ல படம் எடுத்தவரு, அடுத்து ஒரு படம் எடுக்கல. ஊருக்கே போயிட்டாரு. ஒரு தடவை தேடிக்கிட்டுத் தூத்துக்குடி போனேன். சர்ச்சுக்குப் பக்கத்துல சின்ன வீடு. கதவைத் திறந்தவரு என்னைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாரு. நான் பேச ஆரம்பிச்சேன், சார், அந்த ரைஸ்மில்லு ஷாட்டு இருக்கே, இன்னிக்கு வரைக்கும் எவனும் அப்படி எடுக்கலன்னு. அந்தப் படத்தைப் பத்திப் பேசாத தணிகா, உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்னு கையெடுத்துட்டாரு. அவ்வளவு பெரிய மனுஷன் என்னைக் கும்பிடறாரு. படம் ஓடலைங்கிற வருத்தம் அவரை அந்த அளவுக்கு அரிச்சிருக்குது. ஜனங்க பண்ணின பாவம் சார் அது.

நடுவுல ஒரு பையன் யூடியூப்ல இந்தப் படத்தைப் பத்திப் பேசினான். யாருக்கும் தெரியாத நல்ல படங்கள்னு ஒரு வரிசை போட்டு, அதுல இதுதான் முதல்ல. அந்த ஷாட்டை மூணு தடவை போட்டுக் காட்டி, சாவை இவ்வளவு நிஜமா நடிச்ச ஒரு நடிகர், அவர் பேரு கூட நமக்குத் தெரியலைன்னான். நான் அழுதுட்டேன். என் வாழ்க்கையில இந்த வார்த்தையைச் சொன்ன ஒரே ஆளு அவன். பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட சொல்லி நம்பர் கண்டுபிடிச்சு போன் பண்ணினேன். அது என் தம்பி சிகாமணின்னு நடந்தது பூரா சொன்னேன்.  கேட்டுட்டு, சாரி சார்னு வச்சுட்டான். மறுநாள் பாத்தா வீடியோவைக் காணோம். எடுத்துட்டான். நல்லதுதானே பேசியிருந்தான், எதுக்கு எடுக்கணும். இந்தக் காலத்துப் பசங்களைப் புரிஞ்சுக்கவே முடியல. நல்ல வேளை, வீடியோவுக்குக் கீழயே முழுப் படத்தையும் போட்டிருந்தான், அவன் எடுக்கறதுக்குள்ள அதை இந்த பென்டிரைவ்ல ஏத்தி வாங்கி வச்சிருந்தேன்.

இப்ப எங்க போறேன்னா, அவினாசிக்கு. சிகாமணி பொண்ணு தமயந்தி. அந்தக் கைக்குழந்தைதான். கல்யாணம் ஆகி, புருஷனும் அவளுமா பனியன் கம்பெனியில வேலை பாத்து, சொந்தமா வீடு கட்டியிருக்கா. நாளைக்குப் பால் காய்ச்சறாங்க. அம்மா சொல்லைத் தாண்டி அவளா போன் பண்ணினா சார். பெரியப்பா, அப்பா இடத்துல நீங்க வந்து நிக்கணும்னா. வர்றேன்மான்னேன். போனை வைக்கறதுக்கு முன்னால, அந்தப் படத்தை மட்டும் கொண்டு வராதீங்க பெரியப்பா, வெறுங்கையை வீசிட்டு வாங்கன்னா.

பாருங்க, இதான் எனக்கு விளங்கல. அப்பன் மூஞ்சி பாக்கணும்னு ஒரு புள்ளைக்கு ஆசை இருக்காதா. வீட்டுல ஒரே ஒரு போட்டோ இருக்குது, கல்யாண போட்டோ, அதுல கண்ணை மூடியிருக்கான். அவன் நடந்து, ஓடி, உக்காந்து டீ குடிச்சு, எல்லாம் இதுலதானே இருக்குது. அந்தப் புள்ளைக்குக் காட்டணும்னுதானே அவன் குதிச்சான். அம்மாக்காரி சொல்லிக் கொடுத்திருப்பா. புது வீட்டுல பெரிய டிவி வச்சிருக்காங்களாம். போனதும் சாப்பிட்டுட்டு, மெதுவா எடுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன். பாத்துட்டா அவளே புரிஞ்சுக்குவா.

ஆனா ஒண்ணு சார். அதுக்கு முன்னால வெளி ஆளு ஒருத்தரு பாத்து நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும். அதான் உங்களைத் தொந்தரவு பண்றேன்.

வந்துடுச்சு. மில்லு பாருங்க. கண்டக்டரே, கண்டக்டரே, கை வைக்காதீங்க. அந்தப் பெரியவரு கிடக்காரு, அவருக்குப் பாட்டுத்தான் வேணும்னா வீட்டுல போய்ப் போட்டுக்கட்டும். அஞ்சே நிமிஷம்யா. இந்த ஒரு சீன். அப்புறம் உங்க இஷ்டத்துக்கு எதை வேணாப் போடுங்க, நான் ஒரு வார்த்தை பேசல. ஆங். நல்லா இருப்பீங்க.

கூரை மேல பாருங்க சார். ஹீரோவுக்கு டூப் கிடையாது, ரெண்டு பேரும் நிஜமா மேல நிக்கிறாங்க. ஓடு நழுவுது பாருங்க. இப்ப, இப்ப, விழறான். ஒட்டு இருக்குதா, எங்கயாவது ஒட்டு தெரியுதா. ஒரே ஷாட்டு. உமி எப்படிப் பறக்குது பாருங்க. உருண்டுட்டான். மூஞ்சி தெரியுதா. நல்லாப் பாருங்க, இதான் என் சிகாமணி.

ஹீரோ போயிட்டான். இனிமேதான். பேசாதீங்க, பாருங்க. தலையைத் திருப்புறான். வாய் அசையுது பாத்தீங்களா. பின்னால டப்பிங்குல குரல் குடுக்க அவன் இல்லாததால டைரக்டரு அப்படியே சத்தமில்லாம விட்டுட்டாரு. கை. இதோ, கை தூக்கறான்.

யாரைப் பாக்குறான்னா. யாரையும் பாக்கல சார். நடிகன்னா கேமராவை நேராப் பாக்கக் கூடாது, அதான் கொஞ்சம் தள்ளிப் பாக்குறான். இந்தப் பக்கம்தான். இடது பக்கம். ஆமா, அங்க நான்தான் நின்னுக்கிட்டு இருந்தேன். அதனால என்ன. நான் நிக்கிறது அவனுக்குத் தெரியும், பாக்கறதுக்கு ஒரு இடம் வேணுமேன்னு அங்க பாத்திருப்பான்.

சார், எங்க எந்திரிக்கிறீங்க. டிவியை நிறுத்தச் சொல்லப் போறீங்களா. வேணாம் சார், உக்காருங்க, இன்னும் ஷாட் முடியல. நீங்க எதுக்குக் கண்ணைத் துடைக்கிறீங்க.

ஏன் யாரும் கிட்டப் போகலைன்னா. எப்படி சார் போறது. அவரு கட் சொல்லலையே. அத்தனை பேரு நிக்கிறோம், டைரக்டரு வாயைத் திறக்கல, நான் எப்படி உள்ள போவேன். எனக்கு மட்டும் மனசு இல்லாமலா. கால் ஒரு எட்டு முன்னால வந்துச்சு. வந்துச்சு சார். அப்புறம் நினைச்சேன், நான் உள்ள போனா என் தலை கேமராவுல தெரியும், அவன் மூஞ்சி வர்ற ஒரே ஷாட்டு கெட்டுப் போயிடும், அண்ணா இப்படிப் பண்ணிட்டியேன்னு ராத்திரி பூரா அழுவான்னு. அதான் நின்னுட்டேன்.

கை விழுந்துடுச்சு. அவ்வளவுதான்.

அவினாசி வந்துடுச்சுன்னு கத்துறான், கத்தட்டும். நீங்க சொல்லுங்க. எதுக்கு என் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, கை எதுக்கு, வாயைத் திறந்து சொல்லுங்க. பொண்ணு வீட்டுக்குப் போகணும் நான். நல்லா நடிச்சிருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், நான் இறங்கிடறேன்.